கிணற்றடியில் பிறந்த தொழில்கள்: நொய்யல் கரை வழியே ஒரு பயணம்



அறுவடை முடிந்து களத்து வேலை ஓய்ந்ததும், ஊரே சேர்ந்து ஒரு வண்டி பிடித்துப் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போய் வருவது நம்ம வழக்கம். இந்தத் தடவை கோயிலோடு சேர்த்துப் பார்த்து வர வேறு ஒரு பாதையைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் புறப்பட்டு, நொய்யல் ஆறு போகிற திசையிலேயே கிழக்கே இறங்கி, திருப்பூர், கொடுமணல், சென்னிமலை, ஈரோடு வழியாகப் பவானி கூடுதுறையில் முடிகிற பாதை. ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இரண்டு நாள் தாராளமாகப் போதும். இப்படி ஒரு பாதை என்று யாரும் பலகை நட்டு வைக்கவில்லை. நாமேதான் கேட்டுக் கேட்டுப் போக வேண்டும்.

"மில்லும் பட்டறையும் டவுன்காரர் சமாச்சாரம், அதில் நமக்கு என்னங்க இருக்கிறது?" என்று கேட்பீர்கள். மற்ற சீமைகளில் அது சரியாக இருக்கலாம். கொங்கு நாட்டில் பம்பு செட்டுப் பட்டறை, நூல் மில், பனியன் கம்பெனி எதை எடுத்துக்கொண்டாலும் அதன் வேர் ஒரு தோட்டத்துக் கிணற்றில்தான் போய் நிற்கும். அதனால் கிணற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம பக்கத்தில் மழை குறைவு. வருஷத்துக்குச் சுமார் 25 அங்குலம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையை மறித்துக்கொள்கிறது. மண்ணுக்கடியில் கருங்கல். ஆற்றுப் பாசனம் கிடைத்த ஊர்கள் கொஞ்சம். மீதி எல்லோரும் பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, கவலை இறைத்துத்தான் பிழைத்தார்கள். வயதானவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டில் கல்தூண் நட்டு, மரச் சட்டத்தில் உருளை பூட்டியிருப்பார்கள். தோலில் தைத்த பெரிய பறி ஒன்று கிணற்றுக்குள் இறங்கும். வடக்கயிற்றை எருதுகளின் நுகத்தில் பூட்டி, சரிவான வாரியில் கீழ்நோக்கி ஓட்டினால் பறி நிறையத் தண்ணீரோடு மேலே வரும். வால் கயிற்றைத் தளர்த்தியதும் தோல் தும்பி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். எருதுகள் பின்னாலேயே மேடேறும். விடியற்காலை நட்சத்திரம் பார்த்துப் பூட்டினால் வெயில் ஏறும் வரைக்கும் இதேதான். காங்கேயம் காளைக்குப் பேர் வந்ததில் இந்தக் கவலை மேட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

இந்த ஒரு கவலையைச் சுற்றி எத்தனை கைத்தொழில் என்று எண்ணிப் பாருங்கள். உருளையும் சட்டமும் தச்சர் வேலை. அச்சும் வளையமும் கொல்லர் வேலை. கயிறு திரிப்பவர் ஒருவர். கல் தச்சர் ஒருவர். பறியும் தும்பியும் தைத்தவர்கள் அருந்ததியர். பறி கிழிந்தால் அன்றைக்குப் பயிருக்குத் தண்ணீர் இல்லை. அப்பேர்ப்பட்ட வேலையைச் செய்தவருக்குக் கிடைத்தது வருஷக் கூலியாகக் கொஞ்சம் தானியம். அவர் தைத்த பறித் தண்ணீரில்தான் தோட்டம் விளைந்தது, அவரையே கிணற்றுப் படியில் இறங்க விடாத ஊர்களும் இருந்தன. பழமையின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கோயம்புத்தூரில் 1888-ல் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் முயற்சியில் முதல் நூற்பாலை வந்தது. பருத்தி விளைகிற இடத்திலேயே மில் வைத்தால் லாபம் என்பது அவர் கணக்கு. அதற்குப் பின் 1900-களின் முதல் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி சென்னை மாகாணத்துக்குள் வந்தது. நம்ம கருங்கண்ணி மானாவாரிப் பயிர். கம்போடியாவோ தண்ணீர் கேட்கிற பயிர், ஆனால் இழை நீளம், விலை கூட. தோட்டக்காரர்கள் துணிந்து இறங்கினார்கள். சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி 1906-ல் கோயம்புத்தூருக்கு மாறி வந்ததும் இதே காலம்தான். பருத்தி விற்ற காசு கையில் தங்கியது. அந்தக் காசும், அதைப் புரட்டத் தெரிந்த குடும்பங்களும் சேர்ந்து, பீளமேடு பக்கத்து விவசாயக் குடும்பங்கள் மில் முதலாளிகள் ஆனார்கள். லட்சுமி மில் 1910-ல் தொடங்கியது இந்த வழியில்தான்.

அப்புறம் வந்தது பைக்காரா. நீலகிரியில் 3,000 அடிக்கும் மேல் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரில் மின்சாரம் எடுத்து, 1932-லிருந்து சமவெளிக்கு அனுப்பினார்கள். கோயம்புத்தூரின் தலையெழுத்தை மாற்றியது எது என்று ஒரே ஒரு காரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மளமளவென்று மில்கள் எழும்பின. மில் மிஷினைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன. பழுது பார்க்கக் கற்றவன் தானே செய்து பார்ப்பான் இல்லையா? 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டாரை உள்ளூரிலேயே செய்துவிட்டார்கள். ஜி.டி. நாயுடு கலங்கல் கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடப் படிப்பில் அதிக தூரம் போகாதவர். அவர் பெயரிலான கண்காட்சி அவினாசி சாலையில் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர் செய்த மோட்டாருக்கு வாங்குகிற ஆள் எங்கே இருந்தார்? பக்கத்துத் தோட்டத்தில் கவலை மேட்டில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கிணற்றின் ஆழமும் தண்ணீரின் உப்பும் பட்டறைக்காரருக்கு மனப்பாடம். மோட்டார் எரிந்துபோனால் சாயங்காலமே அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அந்த நெருக்கத்தில்தான் கோயம்புத்தூர் பம்புக்கு நாடு முழுக்கச் சந்தை வந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. எருதுகள் இறைத்தவரைக்கும், ஊறுகிற அளவுக்கு மேல் எடுக்க முடியாது. எருது களைத்துவிடும். மோட்டாருக்குக் களைப்பு இல்லை. கிணறு வற்றியது, கிணற்றுக்குள்ளே போர் போட்டோம், அப்புறம் தோட்டத்து மூலையில் போர், இன்றைக்கு 1,000 அடி தாண்டியும் சில ஊர்களில் புகைதான் வருகிறது. இந்த வேலையில் இருந்துகொண்டு நான் வருஷா வருஷம் பார்க்கிற காட்சி இது.

பழைய மில்களில் பல இப்போது ஓடவில்லை. தேசியப் பஞ்சாலைக் கழகத்து மில்கள் 2020 ஊரடங்கில் நின்றன. தொழிலாளர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சில மில் கட்டிடங்கள் கடைவீதி ஆகிவிட்டன. புகைபோக்கியைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

அவினாசி தாண்டினால் பெருமாநல்லூர். அங்கே வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மின் கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடியபோது, 1970 ஜூன் 19-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இங்கே உயிர் விட்டார்கள். இன்றைக்குப் பம்பு செட்டுக்குக் கட்டணம் இல்லாத மின்சாரம் வருகிறதே, அது சும்மா வந்துவிடவில்லை.

திருப்பூர் ஆதியில் பருத்திச் சந்தை. அரவை ஆலைகளும், கதர் உற்பத்தியும் நிறைந்த ஊர். 1932 ஜனவரியில் கொடியை விடாமல் அடிபட்டு உயிர் நீத்த குமரன் ஒரு நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை, சென்னிமலையில் பிறந்தவர். பனியன் பின்னுகிற மிஷின் 1925-ஐ ஒட்டி இந்த ஊருக்கு வந்தது. 1970-களின் பிற்பகுதியில் ஏற்றுமதி ஆரம்பித்த பிறகுதான் ஊர் இப்படிப் பெருத்தது. இதிலும் நம்ம சங்கதி உண்டு. பனியன் கம்பெனி முதலாளிகளில் பாதிக்கு மேல் முதலில் அங்கேயே கூலிக்கு வேலை பார்த்தவர்கள், மானாவாரிக் காட்டில் பிழைக்க முடியாமல் டவுனுக்குப் போன விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கிணறு வெட்டியவன் வைராக்கியம் மிஷினிலும் பலித்தது என்று சொல்லலாம்.

இங்கிருந்து ஆற்றோரமாகவே கிழக்கே போனால், சுமார் 30 கிலோமீட்டரில் நொய்யலின் வடகரையில் கொடுமணல். பார்த்தால் சாதாரண ஊர். ஆனால் 2,300 வருஷங்களுக்கு முன்னால் இது ஒரு தொழிற்பேட்டை. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுத் துறைமுகத்துக்கும், கிழக்கே கரூருக்கும் போன பெருவழியில் இருந்த ஊர். பதிற்றுப்பத்து என்ற சங்க நூல் கொடுமணம் என்று இதைத்தான் சொல்கிறது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-லிருந்து இங்கே அகழாய்வு செய்தார்கள். மாநிலத் தொல்லியல் துறை 2020-லும் தோண்டியது. இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. உருக்குச் செய்த மண் மூசைகள் கிடைத்தன. நூல் நூற்கிற தக்களிகளின் சுடுமண் வட்டுகள் கிடைத்தன. கல்மணி செய்து துளை போட்ட பட்டறைகளும், பாதியில் நின்றுபோன மணிகளும் கிடைத்தன. பச்சைக்கல் படியூரிலிருந்தும், நீலக்கல் சிவன்மலைப் பக்கமிருந்தும், இரும்புக் கல் சென்னிமலையிலிருந்தும் வந்ததாகச் சொல்கிறார்கள். எல்லாம் மாட்டு வண்டி தூரம்தான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பானை ஓடுகள். தமிழி எழுத்தில் ஆட்களின் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். ராஜா பெயர் என்றால் ஆச்சரியம் இல்லை. சோறு தின்கிற பானையில் பெயர் எழுதி வைக்கிற அளவுக்கு, உலையும் பட்டறையும் நிறைந்த ஓர் ஊரில் எழுத்தறிவு பரவியிருந்தது. கைத்தொழில்காரன் என்றால் படிக்காதவன் என்ற நினைப்பு எப்போது நம்மிடம் வந்து சேர்ந்ததோ.

ஒரு வேண்டுகோள். ஊரைச் சுற்றிக் கல்வட்டம் வைத்த பழங்காலப் புதைகுழிகள் இருக்கின்றன. கிட்டக்கல், மணி, ஓடு என்று எது கண்ணில் பட்டாலும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இருக்கிற இடத்தில் இருந்தால்தான் அது பேசும். உங்கள் காட்டிலேயே உழும்போது இந்த மாதிரி ஏதாவது கிளம்பினாலும், கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கொடுமணலில் இருந்து கூப்பிடு தூரத்தைக் கொஞ்சம் தாண்டினால் ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் திறந்தார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கம் ஏறத்தாழ 20 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். சில வருஷங்களிலேயே அணையில் நின்றது தண்ணீர் இல்லை, திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு. அணை கட்டச் சொல்லிக் கேட்டவர்களே, "தயவுசெய்து மதகைத் திறக்காதீர்கள்" என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. விவசாயிகள் அணைக்கு எதிராக மனுப் போட்ட ஊர் வேறு எங்கேயாவது உண்டா?

என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்கிறேன், இது மண் சம்பந்தப்பட்ட விஷயம். துணியில் சாயம் பிடிப்பதற்கு ஏராளமாக உப்புப் போடுவார்கள். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. அத்தனையும் அலசின தண்ணீரோடு வெளியே வரும். சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். நிலத்தைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு. உப்பில் உள்ள சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து இறுக்கிவிடும். தண்ணீர் கீழே இறங்காது, வேர் மூச்சு விடாது. ஆற்றோரக் கிணறுகளில் உப்பு ஊறியது. தென்னை மட்டை சுருங்கிக் குரும்பை கொட்டியது. களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்லுவோம், பசுந்தாள் உரம் மடக்கி உழச் சொல்லுவோம். ஆனால் அந்த உப்பைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும். பாய்ச்சுகிற தண்ணீரே உப்பாக இருந்தால் எந்த மருந்தும் பலிக்காது. அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்வதற்கு என் போன்றவர்களிடம் யோசனை எதுவும் இருக்கவில்லை.

ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக் கணக்காக நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல், தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் சுத்திகரிப்பு நிலையங்களோடுதான் பட்டறைகள் ஓட அனுமதி. நிலைமை முன்னைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் மழைக்காலத்தில் ஆறு நுரைத்து வருகிறது என்று புகார் வந்துகொண்டுதான் இருக்கிறது. திருப்பூர் கொடுத்த வேலையில் நம்ம வீட்டுப் பிள்ளைகளும்தான் பிழைக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. அதற்கான விலையை ஆற்றுக்குக் கீழே இருந்தவன் தலையில் மட்டும் இறக்கியது அநியாயம். அணை மேல் நின்று பார்க்கும்போது, மேற்கே நாலைந்து கிலோமீட்டரில் 2,300 வருஷத்து உலைக்களம் இருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போன கிட்டத்தின் மேலேயே இன்றுவரை சோளம் விளைகிறது.

சென்னிமலை முருகனை எல்லோருக்கும் தெரியும். மலையடிவாரத்தில் கைத்தறிப் படுக்கை விரிப்பு நெய்கிறார்கள். எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டி வளர்த்து, சென்னிமலைப் போர்வையை வெளிநாடு வரைக்கும் அனுப்பினார்கள். இப்போது தறிச் சத்தம் குறைந்துவிட்டது. சங்கத்துக் கடையில் ஏறிப் பாருங்கள். தறியில் உட்கார்ந்திருப்பவர்களில் ஐம்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

ஈரோட்டை ஒட்டிக் காலிங்கராயன் வாய்க்கால் ஓடுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானி ஆற்றின் குறுக்கே அணை கட்டி வெட்டியது. சுமார் 90 கிலோமீட்டர் நீளம். கொடுமுடிப் பக்கம் நொய்யல் வரைக்கும் போகிறது. 15 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். பாம்பு போன வழியில் வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். மட்டக்கோல் பிடிக்கிற இன்றைய என்ஜினீயரும் மெச்சுகிற மாதிரி, மேட்டைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததில் இந்த வாய்க்கால் மஞ்சளுக்கும் பங்கு உண்டு. தோல் பட்டறை, சாயக் கழிவுத் தொல்லை இதற்கும் வந்தது. ஈரோட்டை ஒட்டி வாய்க்காலோடு கூடவே கழிவு நீருக்குத் தனிக் கால்வாய் கட்டியிருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் போங்கள்.

பயணம் முடிகிற இடம் பவானி. கூடுதுறையில் குளித்துச் சங்கமேஸ்வரரைக் கும்பிட்ட கையோடு, ஜமக்காளம் நெய்கிற தெருவுக்குள் நுழையுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணி வந்து மெல்லிய நூல் நெசவை அடித்தபோது, ஜங்கமர் என்ற நெசவாளர்கள் மிஷினோடு மோதாமல் வேறு சரக்குக்கு மாறினார்கள். தடித்த சாய நூலில் பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் நீலமுமாய் விரிப்பு நெய்தார்கள். குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து நாடாவை ஓட்ட வேண்டும். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரு ஆள் கை எட்டாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை ஒருவருக்கொருவர் தள்ளுவார்கள். புருஷன் பெண்சாதியாக நெய்கிற வீடுகள் உண்டு. ஒருவர் அசந்தால் இரண்டு பேர் கூலியும் போச்சு.

நம்ம ஊர்க் கல்யாணம், காதுகுத்து, பஞ்சாயத்து, கருமாதி எதுவும் பவானி ஜமக்காளம் இல்லாமல் நடந்தது கிடையாது. ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறது. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படியும் வெளி மாநிலத்து விசைத்தறிச் சரக்கு பவானி பெயரிலேயே பாதி விலைக்கு விற்கிறது. பிளாஸ்டிக் பாயும் நாற்காலியும் வேறு வந்துவிட்டன. நாள் முழுக்க நெய்தாலும் பனியன் கம்பெனிக் கூலிக்குப் பக்கத்தில் வராது. அப்புறம் எந்தப் பையன் குழிக்குள் இறங்குவான்?

வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அடுக்கி வைத்திருப்பதை எடுக்காமல், கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போய், கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கைத்தறி ஜமக்காளம் கையில் தூக்கினால் கனக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். விலை கூடத்தான். முதல் நாளே தறி வீட்டில் சொல்லி வைத்தால், உங்கள் கோயில் பெயரையோ ஊர்ப் பெயரையோ ஓரத்தில் எழுத்தாக நெய்து கொடுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறி வேலை நின்றுவிடும். அதனால் தை அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் போவது நல்லது.